மின்தேக்கியின் கதை: வானொலிப் பெட்டி முதல் கணினி வரை



இன்று ஒரு சின்னஞ்சிறு பொருளின் வரலாற்றைப் பார்ப்போம். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். சிலவற்றின் விலை சில காசுகள்; பெரியது என்றால் ஒன்றிரண்டு வெள்ளி. ஆனால் அது கெட்டுவிட்டால் ஈராயிரம் வெள்ளிக் கணினி வேலை செய்யாமல் நின்றுவிடும். அதற்கு மின்தேக்கி என்று பெயர். கடைக்காரர்கள் 'கெப்பாசிட்டர்' என்பார்கள். பழைய வானொலி பழுது பார்ப்பவர்கள் 'கண்டென்சர்' என்பார்கள். வீட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றும்போது, "கெப்பாசிட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும்.

இதன் வேலையைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பம்பு விட்டுவிட்டுத்தான் ஓடும். ஆனால் மேட்டிலுள்ள தொட்டி நிறைந்திருந்தால், பம்பு நின்ற வேளையிலும் லயத்துக் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வரும். தொட்டியில் ஓட்டை விழுந்தாலோ, சேறு அடைத்துக்கொண்டாலோ, பம்பு ஓடும்போது மட்டும் தண்ணீர் வரும். மற்ற நேரத்தில் குழாய் வறண்டுவிடும். மின்சாரத்துக்கு அப்படிப்பட்ட தொட்டிதான் மின்தேக்கி.

நம் வீட்டுச் சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஒரே சீரானது அன்று. அது விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக மாறி ஓடுகிறது. அப்படி மாறும்போது விநாடிக்கு 100 முறை அதன் வேகம் ஒன்றுமில்லாமல் போய் மீண்டும் எழுகிறது. விளக்குக்கும் விசிறிக்கும் இது போதும். வானொலிக்கும் கணினிக்கும் போதாது. அவற்றுக்கு ஒரே திசையில், ஒரே அளவில் ஓடும் மின்சாரம் வேண்டும். அந்தப் பள்ளங்களை நிரப்பிக் கொடுப்பதே மின்தேக்கியின் பணி.

இதன் பிறப்பு 1745ஆம் ஆண்டில். ஜெர்மானியரான வான் கிளைஸ்ட் என்பவர் ஒரு கண்ணாடிப் புட்டியில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க முடியும் என்று கண்டார். அடுத்த ஆண்டு ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் பேராசிரியர் முஸ்சென்புரூக்கும் அதையே கண்டார். அதனால் அதற்கு 'லைடன் சாடி' என்று பெயர் வந்தது. அன்று அது வேடிக்கை காட்டும் பொருளாகவே இருந்தது. தொட்டவர் அதிர்ச்சியால் துள்ளுவார்; கூடியிருந்தவர்கள் சிரிப்பார்கள்.

சாடி பெரியது, அது தேக்கிய மின்சாரமோ சிறியது. சிறிய இடத்தில் நிறையத் தேக்க வழி கண்டவர் கரோல் பொல்லாக் என்ற போலந்து நாட்டுக்காரர். அலுமினியத் தகட்டைத் தக்க திரவத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினால், தகட்டின் மேல் மிக மெல்லிய தோல் ஒன்று படியும். அந்தத் தோல் மின்சாரத்தை ஊடுருவ விடாது. மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட இராது அதன் தடிப்பு. தோல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு அதிகமாக மின்சாரத்தைத் தேக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அந்தத் தோல் அழியாதிருக்கப் பொல்லாக் வெண்காரக் கரைசலைப் பயன்படுத்தினார். 1896இல் அதற்குக் காப்புரிமை கேட்டார். நம் பாட்டிமார் நாட்டு மருந்துக்கு வாங்கும் அதே வெண்காரந்தான்.

பின்னர், 1925இல் அமெரிக்கரான சாமுவேல் ரூபன் இதைக் கைக்கு அடக்கமாக்கினார். இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் திரவத்தில் நனைத்த காகிதம். இவற்றைச் சுருட்டி ஒரு குப்பிக்குள் அடைத்தார்கள். இன்றைய கணினிக்குள் இருப்பதும் இந்தச் சுருட்டுத்தான். இதில் மூன்று பொருள்களை நினைவில் வையுங்கள்: தகடு, தோல், திரவம். நம் கதையில் வரும் தொல்லைகளெல்லாம் அந்தத் திரவத்தாலேயே வந்தவை.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். மலாயாவுக்கு முதல் வானொலிப் பெட்டி வந்த பெருமை ஜொகூருக்கு உரியது. 1921இல் ஜொகூர் அரசாங்கத்தின் மின் பொறியாளராக இருந்த ஏ.எல். பெர்ச் என்பவர் அதைக் கொண்டுவந்தார். 1923இல் ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தை நிறுவி ஒலிபரப்பும் செய்தார். அந்தக் காலத்துப் பெட்டிகள் பெரும்பாலும் மின்கலத்தை நம்பியிருந்தன. ரூபன் காட்டிய வழியில் மின்தேக்கிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான், சுவரில் பிளக்கைச் செருகிப் பாட்டுக் கேட்கும் வானொலிகள் வீடுகளில் பெருகின.

அந்தப் பெட்டிகளைப் பார்த்த பெரியவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். சில ஆண்டுகள் போனதும் பாட்டின் பின்னால் வண்டு ரீங்காரம் செய்வதுபோல் 'ஊம்ம்' என்று ஓர் ஓசை வரும். பலர் வானொலி நிலையத்தைக் குறை சொன்னார்கள். சிலர் ஏரியல் கம்பியை மாற்றிப் பார்த்தார்கள். உண்மையில் உள்ளேயிருந்த மின்தேக்கியின் திரவம் காய்ந்திருக்கும். தொட்டி வற்றிவிட்டதால் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே ஒலிபெருக்கியில் கேட்டது. கெட்டது ஓரிடம், பழி விழுந்தது வேறிடம். இந்த வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

மின்சாரம் நம் மக்களிடம் மெல்ல மெல்லத்தான் வந்தது. மத்திய மின்சார வாரியம் 1949இல் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. 1990இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. அதற்குள் பல தோட்டங்களில் இஞ்சின் ஓடும் மாலை நேரத்தில் சில மணி நேரம் மட்டுமே லயத்து வீடுகளில் விளக்கு எரிந்த காலமும் உண்டு. அதே காலகட்டத்தில் மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்தன. 1972இல் பினாங்கு, பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் பிறந்தது. 1974இல் நம் ஜொகூர் மாநிலத்து மூவாரில், இன்று எஸ்.டி. மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் எனப்படும் நிறுவனத்தின் ஆலை தொடங்கியது. பால்வெட்டுக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் பலர் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறி மின்னணுப் பொருள் செய்யும் வேலைக்குப் போனார்கள். அவர்கள் கையால் செய்த பொருளின் வகையே பின்னர் கணினியாக நம் வீடுகளுக்குத் திரும்பி வந்தது.

கணினிக்கு உள்ளே 'பவர் சப்ளை' என்ற இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் மின்சாரமாக அது மாற்றிக் கொடுக்கிறது. முற்காலத்தில் இதற்குக் கனத்த இரும்பு மின்மாற்றி தேவைப்பட்டது. 1977இல் வெளிவந்த 'ஆப்பிள் 2' கணினிக்காக ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் இலேசான, சூடு குறைந்த வகையொன்றை அமைத்தார். நாளடைவில் அந்த வகையே எல்லாக் கணினிகளுக்கும் வழக்கமாகிவிட்டது.

இந்த வகை வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். முதலில் மின்சாரம் ஒரே திசைக்குத் திருப்பப்பட்டு, ஒரு பெரிய மின்தேக்கியில் தேங்குகிறது. பிறகு அது விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி விடப்படுகிறது. வெட்டிய மின்சாரம் ஒரு சிறு மின்மாற்றி வழியாக வோல்ட் குறைந்து வெளியே வருகிறது. வெளியேறும் வாசலில் சிறு மின்தேக்கிகள் நின்று அதை மறுபடியும் சீராக்குகின்றன. வாசலில் நிற்கும் இந்தச் சிறியவற்றுக்குத்தான் ஓயாத வேலை. விநாடிக்குப் பல்லாயிரம் முறை நிறைந்து வடிகின்றன. அதனால் தாமாகவே சூடேறுகின்றன. அவற்றின் திரவம் தரமானதாக இருந்தால் இந்தச் சூட்டைத் தாங்கும். தரமில்லையென்றால் காய்ந்துபோகும், அல்லது உள்ளே வாயு உண்டாகிக் குப்பி உப்பும்.

தரம் என்று சொன்னேன். அதைக் கணக்கில் காட்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். மின்தேக்கியின் மேல் 105 பாகை என்றோ 85 பாகை என்றோ அச்சிட்டிருக்கும். 105 பாகைச் சூட்டில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்பது ஒரு சாதாரண உறுதி. சூடு ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. பவர் சப்ளைக்குள் சூடு 65 பாகை என்று வைத்துக்கொள்வோம். 105 பாகை வகைக்கு அது 40 பாகை குறைவு. ஆகவே நான்கு முறை இரட்டிக்க வேண்டும்: 4,000, 8,000, 16,000, 32,000 மணி நேரம். அதே 2,000 மணி நேர உறுதி கொண்ட 85 பாகை வகைக்கு இரண்டு முறைதான் இரட்டிக்கலாம்: 4,000, 8,000. நாளைக்கு 8 மணி நேரம் கணினி ஓடினால் முன்னது 4,000 நாள், அதாவது பதினோர் ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. பின்னது 1,000 நாள். மூன்று ஆண்டுகூட இல்லை. இரண்டுக்கும் விலையில் உள்ள வித்தியாசம் சில காசுகள்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. குளிர்நாட்டில் அறையின் வெப்பம் 20 பாகை இருக்கும். நம் தகரக் கூரை வீட்டில் மத்தியான வேளையில் 32 பாகைக்குக் குறையாது. அந்த 12 பாகையும் பெட்டிக்குள் உள்ள சூட்டோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே அங்கே பத்தாண்டு ஓடும் கணினி, இங்கே அதில் பாதிக் காலம்கூட ஓடாமல் போகலாம். குளிர்நாட்டுக்காரனைவிட நமக்குத்தான் நல்ல மின்தேக்கி அதிகம் தேவை. ஆனால் மலிவுச் சரக்கு நம்மிடந்தான் அதிகம் வந்து சேர்கிறது.

இப்போது, உலகமெங்கும் கணினிகள் காலத்துக்கு முன்பே செத்த கதைக்கு வருவோம். 1990களில் ஜப்பானிய நிறுவனங்கள் தண்ணீர் அதிகம் கலந்த புதுவகைத் திரவத்தை உருவாக்கின. தண்ணீர் மலிவு; அது கலந்த திரவம் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். ஆனால் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகும். அதைத் தடுக்கச் சில மருந்துகளை அளவோடு சேர்க்க வேண்டும். அந்தச் சேர்க்கைதான் தொழில் இரகசியம்.

இதைத் தோட்டத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மரத்திலிருந்து எடுத்த பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்க்கிறோம். சேர்க்காவிட்டால் அந்த நிமிடமே ஒன்றும் ஆகிவிடாது. வாளியில் பால் பாலாகத்தான் தெரியும். நேரம் போகப் போகத்தான் உறையும். மின்தேக்கித் திரவமும் அப்படியே. மருந்து சேராத திரவமும் முதல் நாள் நன்றாகவே வேலை செய்யும்.

ஜப்பானிய நிறுவனமொன்றில் வேலை பார்த்த ஒருவர் அங்கிருந்து விலகிச் சீன நிறுவனமொன்றில் சேர்ந்து அதே திரவத்தைச் செய்தார் என்றும், அங்கிருந்த சிலர் அந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு தைவானுக்குப் போனார்கள் என்றும், எடுத்துப்போனது முழுச் சூத்திரமன்று என்றும் 2002, 2003ஆம் ஆண்டுகளில் தொழில்துறை ஏடுகள் எழுதின. கதை எப்படியிருந்தாலும், கண்ணுக்குத் தெரிந்த உண்மை இதுதான்: அரிப்பைத் தடுக்கும் மருந்து சேராத மின்தேக்கிகள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டன. தொழிற்சாலைச் சோதனையில் தேறின. கணினிகளின் தாய்ப்பலகைகளிலும் பவர் சப்ளைகளிலும் ஏறி, நாடு நாடாகப் போய்ச் சேர்ந்தன. ஓரிரு ஆண்டுகளில் தலை உப்பி, வெடித்து, பழுப்பு நிறத் திரவத்தைக் கக்கின.

பெரிய பெயர்களும் இதற்குத் தப்பவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2005இல் தன் 'ஐமேக் ஜி5' கணினிகளின் திரை, மின்சாரக் கோளாறுகளை இலவசமாகப் பழுது பார்த்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. டெல் நிறுவனம் அதே ஆண்டில் கெட்ட மின்தேக்கிகளுக்காக 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்கியது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை அது அனுப்பிய கணினிகளில் குறைந்தது 1 கோடியே 18 இலட்சம் இந்தக் கோளாறுக்கு ஆளாகக்கூடியவை என்பது, பின்னர் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றின் ஆவணங்களால் 2010இல் வெளிவந்தது. அந்தக் கணினிகளில் இருந்தவை புகழ்பெற்ற ஜப்பானிய நிறுவனமொன்றின் மின்தேக்கிகள். ஆகவே மேலே எழுதிய பெயர் மட்டும் தரத்துக்குச் சான்றாகிவிடாது.

அந்த ஆவணங்களில் ஆசிரியர்களாகிய எங்களைத் திகைக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் கணினிகள் பழுதாயின. புகார் செய்தபோது நிறுவனம் தந்த விளக்கம் என்ன தெரியுமா? கடினமான கணக்குகளைப் போடச் சொல்லிக் கணினியை அளவுக்கு மீறி வேலை வாங்கிவிட்டார்களாம்! கணக்குப் போடுவதற்கென்றே பிறந்த இயந்திரம், கணக்குப் போட்டதால் கெட்டது என்று கணிதப் பேராசிரியர்களிடமே சொல்லியிருக்கிறார்கள்.

பேராசிரியருக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன கதி? எனக்குத் தெரிந்த தோட்டத்துத் தாயார் ஒருவர் கூட்டுச் சீட்டுப் பணத்தில் மகனுக்கு ஒரு கணினி வாங்கினார். இரண்டாம் ஆண்டில் அது பாதி வேலையில் அணையத் தொடங்கியது. காலையில் இரண்டு மூன்று முறை சுவிட்சைப் போட்டால்தான் உயிர் வரும். கடைக்காரர் 'வைரஸ்' என்று சொல்லி மூன்று முறை பணம் வாங்கினார். தகப்பனார், "நீ விளையாடி விளையாடித்தான் கெடுத்துவிட்டாய்" என்று பையனைக் கண்டித்தார். பையனும் தலை குனிந்து நின்றான். கடைசியில் வேறோர் ஆள் பார்த்து, பவர் சப்ளையை மாற்றினார். கணினி ஒழுங்காக ஓடியது. உள்ளே மூன்று மின்தேக்கிகள் தலை உப்பியிருந்தன. பையன் மேல் விழுந்த பழிக்கு யார் பதில் சொல்வது?

இந்த வரலாற்றைச் சொல்வதன் நோக்கமே இதுதான். பொருளைச் செய்தவன் சில காசு மிச்சம் பிடிக்கிறான். அந்தக் குறை மூடிய பெட்டிக்குள் கிடக்கிறது. பலன் ஓரிரு ஆண்டு கழித்து வெளிப்படும்போது, பயன்படுத்தியவர் தலையில் பழி விழுகிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்தவரை அப்படி எளிதில் ஏமாற்ற முடியாது.

ஆகவே சில குறிப்புகள். கணினி திடீரென அணைவது, முதல் முறையில் உயிர் பெறாதது, வேலை கூடும்போது நின்றுபோவது ஆகியவை பவர் சப்ளைக் கோளாறின் அடையாளங்களாக இருக்கலாம். மென்பொருளை மாற்றப் பணம் கொடுப்பதற்கு முன், "பவர் சப்ளையைச் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். மாற்றும்போது மிக மலிவானதைத் தேடாமல், 105 பாகை மின்தேக்கி உள்ளதா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேளுங்கள். காற்றுத் துவாரங்களில் தூசு அடையாமலும், கணினி சுவரோடு ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பவர் சப்ளைப் பெட்டியை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். அது உயிரையே வாங்கிவிடும். தொழில் தெரிந்தவர் கையில் விடுங்கள்.

இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. கடைக்காரர் கைவிரித்தால், 5 வெள்ளிக் கட்டணம் கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. நம் வாயாலேயே நம் குறையைச் சொல்லலாம்.

அந்தப் பெருங்கோளாற்றுக்குப் பிறகு உலகத்து உற்பத்தியாளர்களும் சில பாடங்களைக் கற்றார்கள். தாய்ப்பலகைகளில் திரவமே இல்லாத திண்ம மின்தேக்கிகளைப் பொருத்துவது பரவியது. காய்வதற்கும் கக்குவதற்கும் அவற்றில் திரவம் இல்லை. ஆனால் பவர் சப்ளையின் பெரிய தொட்டி இன்னும் பொல்லாக்கும் ரூபனும் காட்டிய வழியில், அலுமினியமும் திரவமுமாகத்தான் இருக்கிறது. கைபேசிக்கு மின்னேற்றும் சிறு பெட்டிக்குள்ளும், தொலைக்காட்சிக்குள்ளும், கூரையில் எரியும் எல்.இ.டி. விளக்கிற்குள்ளும் அதே சிறு குப்பி இருக்கக்கூடும். அவற்றில் ஒன்று அடுத்த முறை காலத்துக்கு முன் கெட்டால், முதலில் பிள்ளையைக் கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கியைப் பற்றிக் கேளுங்கள்.